பீரங்கிக் குண்டும் கூத்துக் கிரீடமும்: கடலூர், புதுவை கிராமங்களில் ஊர் அருங்காட்சியகம் அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூர், பாகூர், வில்லியனூர் பக்கத்து ஊர்களில் பழைய வீட்டுப் பரணிலோ கோயில் மண்டப மூலையிலோ ஓர் இரும்புக் குண்டு கிடப்பதைப் பார்க்கலாம். கிணறு வெட்டியபோது கிடைத்தது என்பார்கள். எந்தக் கிணறு, யார் வெட்டினார்கள் என்று கேட்டால் பதில் வராது. அந்தப் பதில் இல்லாத குண்டு பழைய இரும்புக் கடைத் தராசுக்குத்தான் லாயக்கு. அதே குண்டுக்குப் பக்கத்தில் இடமும் ஆண்டும் கொடுத்தவர் பெயரும் எழுதப்பட்டிருந்தால் அது ஊரின் ஆவணம்.

ஆகவே ஊர் அருங்காட்சியகத்துக்கு முதலில் வாங்க வேண்டியது கண்ணாடி அலமாரி அல்ல. நல்ல தடித்த அட்டை போட்ட ஒரு பேரேடு. கட்டடம் இல்லாமல் பேரேடு மட்டும் வைத்திருக்கும் ஊர், கட்டடம் கட்டிப் பேரேட்டை மறந்த ஊரைவிட நல்ல நிலையில் இருக்கிறது என்பதே என் எண்ணம். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

முதல் படி: எந்தப் போர் உங்கள் ஊர்ப் போர்?

வந்தவாசிப் போர், பிளாசிப் போர் என்று பாடப்புத்தகப் படங்களைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டிவிட்டால் அருங்காட்சியகம் ஆகிவிடாது. உங்கள் ஊர் மண்ணைத் தொட்டது எது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

கடலூர்ப் பக்கத்துக்குக் கணக்கு 1690இல் தொடங்குகிறது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி வாங்கியது அந்த ஆண்டில்தான். கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள நிலமும் கம்பெனிக்கு என்பது பேரம். அப்படி எல்லைக்குள் வந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. உங்கள் ஊர் அதில் ஒன்றாக இருந்தால், பீரங்கி ஒன்று நில அளவைச் சங்கிலியின் வேலையைச் செய்த கதையை முதல் பலகையில் எழுதலாம். வேறு எந்த ஊருக்கும் இந்த வாய்ப்புக் கிடைக்காது.

அதன் பிறகு 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது, தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமானது; 1752 வரை அப்படியே இருந்தது. 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைப் பிடித்து இடித்தார். 1761 ஜனவரியில் முறை மாறியது: புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழ, அங்கிருந்த கோட்டை இடிக்கப்பட்டது. 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டை அருகே மைசூர் ஐதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதினார்கள். 1783 ஜூனில் கடலூருக்குள் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, வெளியே ஆங்கிலேயப் படை, கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சூஃப்ரான் என்று பெரிய முற்றுகை நடந்தது. ஐரோப்பாவில் இரு தரப்பும் பூர்வாங்கச் சமாதானத்தில் கையெழுத்திட்டது அதே ஆண்டு ஜனவரி 20இல். செய்தி கப்பலில் வந்து சேர ஐந்து மாதத்துக்கு மேல் ஆனதால், முடிந்துபோன சண்டையில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். இதைப் படிக்கும் பள்ளிப் பிள்ளை தேதியை மறந்தாலும் விஷயத்தை மறக்க மாட்டான்.

புதுச்சேரிப் பக்கம் இந்தக் காலத்தைச் சரிபார்க்க, பிரெஞ்சு ஆளுநரிடம் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் நாட்குறிப்பு இருக்கிறது. 1736 முதல் 1761 வரை செல்லும் அந்தக் குறிப்புகளில் உங்கள் ஊர்ப்பெயரோ பக்கத்து ஊர்ப்பெயரோ வருகிறதா என்று பொறுமையாகத் தேடுங்கள். ஒரு வரி கிடைத்தாலும் போதும்.

ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டோடு நின்றுவிட வேண்டாம். இன்னும் ஆட்கள் நினைவில் வைத்திருக்கும் போர்கள் பிந்தியவை. முதல் உலகப் போருக்குச் சென்றவர்கள் எத்தனை பேர், திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்று பொறித்த சிறு பளிங்குப் பலகைகள் தமிழகத்தின் சில ஊர்களில் இருக்கின்றன. பழைய தாலுகா அலுவலகச் சுவரையும் பள்ளிச் சுவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சுண்ணாம்பு பூசி மறைந்திருக்கக்கூடும். இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலிருந்து 1942இல் நடந்தே திரும்பியவர்கள், மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியரால் சயாம் ரயில்பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்கள், இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்கள் ஆகியோரின் பேரப்பிள்ளைகள் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டு ஒன்று சாமி அறைப் பெட்டியில் கிடக்கிறதா என்று கேளுங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்களின் வீடுகளில் லிவ்ரே மிலித்தேர் என்னும் சேவைக் கையேடும் இந்தோசீனா, அல்ஜீரியாப் புகைப்படங்களும் இருக்கும். கடற்கரைச் சாலையில் இருக்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம் முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கானது. அதில் உள்ள பெயர்களில் உங்கள் ஊருக்குத் தொடர்புடையவர் உண்டா என்று பாருங்கள். ஆங்கிலேயர் பக்கம் போரில் இறந்தவர்களின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் கட்டணமின்றித் தேடலாம். உயிரோடு இருக்கும் முன்னாள் வீரர்களைப் பற்றி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

இரண்டாம் படி: கூத்தைத் தனி அறையில் பூட்டாதீர்கள்

போர் ஓர் அறை, நாட்டுப்புறக் கலை இன்னோர் அறை என்று பிரிப்பதுதான் வழக்கம். இந்த வட்டாரத்துக்கு அது பொருந்தாது. இங்கே போரை மக்கள் நினைவில் வைத்திருப்பதே திரௌபதி அம்மன் திருவிழாவில்தான். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, கடைசியில் படுகளம் என்னும் போர்க்களக் காட்சி. தரையில் மண்ணால் செய்த மிகப் பெரிய துரியோதனன் உருவம், பீமன் வேடக்காரர் தொடையை அடிப்பது, திரௌபதி கூந்தல் முடிப்பது, மாலையில் தீமிதி. கோயிலில் காவலுக்கு நிற்பவர்கள் போத்துராஜாவும் முத்தால் ராவுத்தரும். ராவுத்தர் ஒரு முஸ்லிம் வீரர். செஞ்சி நாட்டின் படை வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பலகையாலும் சொல்ல முடியாது.

அதனால் நான் சொல்வது: பீரங்கிக் குண்டுக்கு அடுத்த பெட்டியில் கூத்துக் கிரீடம் இருக்கட்டும். செஞ்சி தேசிங்கு 1714இல் ஆற்காட்டு நவாபோடு மோதி இறந்ததை ஆவணம் ஒரு மாதிரி சொல்லும், கதைப்பாடல் வேறு மாதிரி சொல்லும். இரண்டையும் பக்கம் பக்கமாக வையுங்கள். பாட்டைப் பொய் என்றும் எழுத வேண்டாம், வரலாறு என்றும் எழுத வேண்டாம். எது பாட்டு, எது பதிவு என்று மட்டும் தெளிவாகச் சொன்னால் போதும்.

கூத்துப் பொருள்களைக் கேட்டு வாங்கும்போது ஆடிக்கொண்டிருக்கும் குழுவின் பொருளை ஒருபோதும் கேட்காதீர்கள். கிரீடம், புஜகீர்த்தி என்னும் தோளணி, மார்புப் பதக்கம் ஆகியவை கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத் தாளும் ஒட்டிச் செய்யப்படுபவை. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். உடைந்ததை, ஆட்டத்துக்கு ஆகாததை வாங்குங்கள். அல்லது புதிதாக ஒரு ஜோடி செய்யச் சொல்லி நியாயமான கூலி கொடுங்கள். செய்யும்போது ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடியுங்கள். அந்தப் படங்கள் கிரீடத்தைவிட மதிப்பானவை.

பழைய ஒப்பனைப் பெட்டி கிடைத்தால் எச்சரிக்கை. அரிதாரம் என்பது ஆர்சனிக் கலந்த கனிமம். சிந்தூரத்தில் ஈயமோ பாதரசமோ இருக்கலாம். கையுறை இல்லாமல் தொடக்கூடாது, திறந்து வைக்கக்கூடாது, பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது.

படுகள உருவத்தை வைத்துக்கொள்ள ஆசைப்பட வேண்டாம். அது மண்ணோடு போகத்தான் செய்யப்படுகிறது. அளவுகளைக் குறித்துக்கொண்டு, செய்பவர் பெயரைக் கேட்டு எழுதி, படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். அய்யனார் கோயில் சுடுமண் குதிரைக்கும் இதே விதி. வணக்கத்தில் இருப்பது காட்சிப்பொருள் ஆகாது. வில்லியனூர் சுடுமண் வேலை புவிசார் குறியீடு பெற்ற கலை. அங்கே புதிதாக ஒரு குதிரை செய்து வாங்கினால் கோயிலுக்கும் பங்கம் இல்லை, குயவருக்கும் வேலை.

மூன்றாம் படி: யார் பெயரில்?

தனி ஒருவர் வீட்டில் தொடங்கினால் அவருக்குப் பிறகு அது பங்காளிச் சண்டையில் முடியும். சங்கமாகப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் இருந்தால் போதும். புதுச்சேரியில் 1860ஆம் ஆண்டுச் சட்டம். அறக்கட்டளையாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவதும் ஒரு வழி. அமைப்பைக் கலைத்தால் பொருள்கள் எங்கே போகும் என்பதை விதிமுறையில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

அந்த ஏழு பேர் ஒரே தெருக்காரர்களாக இருக்கக்கூடாது. ஊர்த் தெருவில் மட்டும் பொருள் திரட்டிவிட்டுக் காலனியை விட்டுவிட்டால் அது பாதி ஊரின் அருங்காட்சியகம். பறை இல்லாமல் போரும் இல்லை, கூத்தும் இல்லை, சாவும் இல்லை. பறையை வைத்துவிட்டு அதை அடிப்பவரைக் குழுவில் சேர்க்காமல் விடுவது எந்த ஊரிலும் கண்ணில் படும். வீரன் கதைகளையும் ஒரு சாதியின் சொத்தாக்கிப் பலகை எழுதாதீர்கள். திறப்பு விழாவுக்கு முன்பே தகராறு வந்துவிடும்.

நான்காம் படி: வாங்கக்கூடாதவை

சட்டத்தை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். புதைந்து கிடைத்த மதிப்புள்ள பொருளை, பத்து ரூபாய்க்கு மேல் போனால், ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். பத்து ரூபாய் என்பது அந்தக் காலத்துப் பத்து ரூபாய் என்று வாதாட முடியாது. சட்டம் அப்படியேதான் இருக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களும், எழுபத்தைந்து ஆண்டுக்குக் குறையாத மதிப்புமிக்க கையெழுத்துப் பிரதிகளும் தொல்பொருள்கள். கல், உலோக, சுடுமண் சிற்பம் போன்ற சில வகைகளைப் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும். கோயில் சிலை என்று யாராவது கொண்டுவந்தால் வாங்கி வைத்துவிட்டு யோசிக்காதீர்கள். வாங்காமலே அதிகாரியிடம் சொல்லுங்கள்.

நடுகல், தன்னையே பலியிட்டுக்கொண்ட வீரரைக் காட்டும் நவகண்டச் சிற்பம் போன்றவை நிற்கும் இடத்திலேயே நிற்கட்டும். பெயர்த்துக் கொண்டுவந்தால் அதன் பாதிச் செய்தி போய்விடும். பக்கத்தில் ஒரு சிறு பலகை, அருங்காட்சியகத்தில் ஒரு படம், வழி காட்டும் ஒரு வரைபடம் போதும்.

ஆயுதங்கள் வேறு கதை. மீண்டும் பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழைய துப்பாக்கிக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் விலக்கு உண்டு. சுட முடியாது என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக் கோப்பில் வையுங்கள். வாள், ஈட்டிக்கும் அப்படியே.

குண்டுகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டுக் குண்டுகளில் இரண்டு வகை. ஒன்று முழு இரும்பு, ஆபத்தில்லை. மற்றொன்று உள்ளே வெடிமருந்து நிரப்பிய கூடு. மேலே திரி செருக ஒரு துளை இருக்கும், துரு மூடியிருந்தால் துளை தெரியாது. பிரித்தறிய எடை உதவும். 9 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள முழு இரும்புக் குண்டு ஏறக்குறைய 2.7 கிலோ இருக்கும். 11 சென்டிமீட்டர் என்றால் 5 கிலோ. துரு தின்றதால் கொஞ்சம் குறையலாம். வெகுவாகக் குறைந்தாலோ, துளை போல் ஏதாவது தெரிந்தாலோ, அளந்துகொண்டிருக்காமல் தள்ளி நின்று காவல் துறையைக் கூப்பிடுங்கள். எந்தக் குண்டையும் சுத்தியலால் தட்டித் துரு நீக்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். இருபதாம் நூற்றாண்டுத் தோட்டா, எறிகுண்டு எதுவானாலும் கையே வைக்க வேண்டாம்.

இன்னொன்று, சட்டத்தில் இல்லாத தடை. அறிவிப்பு கொடுத்த வாரத்திலேயே பத்து ஏந்திரக் கல்லும் இருபது உலக்கையும் வந்து நிற்கும். இடம் அடைத்துக்கொண்டு கிடக்கும் பொருளைத் தள்ளிவிட ஊருக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டதே! ஏந்திரம் ஒன்று, மரக்கால்-படி-ஆழாக்கு ஒரு வரிசை, முறம் ஒன்று என்று எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதை வாங்குவதென்றால் அதற்கு முதலாவதற்கு இல்லாத ஒரு கதை இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பேரேடு

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். 2025.14.3 என்றால் 2025ஆம் ஆண்டில் பதினான்காவதாகக் கொடுத்தவர் தந்த மூன்றாவது பொருள். இந்த எண் ஒருபோதும் மாறாது. பொருள் தொலைந்தாலும் வேறொன்றுக்குக் கொடுக்கக்கூடாது.

பேரேட்டில் எழுத வேண்டியவை: என்ன பொருள், ஊர்வழக்கில் அதன் பெயர், எதனால் ஆனது, நீளம் அகலம் எடை, கிடைத்த இடம், யார் எப்போது எப்படிப் பயன்படுத்தினார்கள், கொடுத்தவர் யார், கொடையா இரவலா, எந்தத் தேதியில் வந்தது, அப்போது என்ன நிலையில் இருந்தது. பேனா மையில் எழுதுங்கள், அடித்தல் வந்தால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் எழுதிக் கையொப்பமிடுங்கள்.

கொடையா இரவலா என்பதுதான் பின்னால் பெரிதாக வெடிக்கும். தாத்தாவின் பதக்கத்தை அப்பா ஆசையாகக் கொடுப்பார். பத்து ஆண்டு கழித்து மகன் வந்து திருப்பிக் கேட்பார். ஒரு பக்கக் கடிதத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டால் மனக்கசப்பு இல்லை. பதக்கம், புகைப்படம், கடிதம் போன்றவற்றைப் பல வீட்டார் பிரிய மாட்டார்கள். வற்புறுத்த வேண்டாம். 600 டிபிஐயில் இரு பக்கமும் ஸ்கேன் செய்து, மூலத்தை அன்றே திருப்பிக் கொடுங்கள். புகைப்படத்தின் பின்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும்.

எண்ணைப் பொருளின் மேல் நேராகப் பெயிண்டால் எழுதக்கூடாது. பாரலாய்ட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து மெல்லிய பூச்சாக இட்டு, அது காய்ந்தபின் மையில் எண் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. வேண்டாமென்றால் அழித்துவிடலாம். துணிக்குப் பருத்தி நாடாவில் எழுதித் தைத்துவிடுங்கள்.

பொருளோடு குரலும் சேர வேண்டும். கைப்பேசியே போதும், ஆனால் மின்விசிறியை நிறுத்திவிட்டு, இரண்டு முழம் தூரத்தில் வைத்துப் பதியுங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர் சொல்லச் சொல்லுங்கள். கேள்வி பொதுவாக இருந்தால் பதிலும் பொதுவாகவே வரும். ‘போர்க்காலம் எப்படி இருந்தது பாட்டி?’ என்பதைவிட, ‘அரிசி கிடைக்காதபோது வீட்டில் என்ன சமைத்தீர்கள்?’ என்று கேளுங்கள். பிரெஞ்சு எல்லைக்கும் இந்திய எல்லைக்கும் இடையில் வளர்ந்த முதியவர்களிடம், 1954 நவம்பர் 1க்கு முன் சந்தைக்குப் போய்வர எந்த வழி, சுங்கச் சாவடியில் எதை மறைத்தார்கள் என்று கேட்டால் நேரம் போவது தெரியாது. கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவாக வாக்களித்த செய்தி எல்லாப் பாடப்புத்தகத்திலும் உண்டு. அன்று உங்கள் ஊரில் என்ன நடந்தது என்பது எதிலும் இல்லை.

ஆறாம் படி: பாதுகாப்பது, அதாவது கெடுக்காமல் இருப்பது

நம் ஊர்ப் பக்கத்தில் பழம்பொருளுக்கு முதல் எதிரி அன்பு. குண்டுக்கு வெள்ளி பெயிண்ட், வாளுக்கு உப்புத்தாள், பித்தளைக்குப் புளி, ஓலைச்சுவடிக்கு லேமினேஷன். நான்கும் கூடாது.

கடலோர இரும்பின் நோய் உப்பு. வெளியே துருவைச் சுரண்டினாலும் உள்ளே தங்கிய உப்பு மறுபடி பிளக்கும். மண்ணிலோ கடலிலோ இருந்து வந்த இரும்பை அப்படியே உலர்ந்த, மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைத்துவிட்டு, சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புக் கூடத்துக்கு எழுதிக் கேளுங்கள். 1930இல் தொடங்கிய கூடம் அது. கடலூரிலும் புதுச்சேரியிலும் உள்ள அரசு அருங்காட்சியகங்களையும் ஆலோசனைக்கு அணுகலாம்.

ஓலைச்சுவடியை எலுமிச்சைப்புல் தைலம் தொட்டு மென்மையாகத் துடைக்கலாம் என்பார்கள். துடைக்கும்போது எழுத்தின் மையும் சேர்ந்து போகிறதா என்று தெரியாமல் செய்யாதீர்கள். புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல்லாயிரம் சுவடிகளைப் பேணிவருகிறது. கையிலுள்ளது என்ன சுவடி என்று தெரியாவிட்டால் அங்கே போய்க் கேட்பதுதான் சரி. துணிகளை மடிக்காமல் உருளையில் சுற்றி, கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தியில் மூடி வையுங்கள். வேப்பிலையும் வசம்பும் பூச்சிக்கு உதவும், பொருளைத் தொடாமல் சிறு மூட்டையாக இருந்தால்.

துணி, காகிதம் உள்ள அறைக்கு வெயில் நேராக வரக்கூடாது. பளபளக்கும் விளக்குகளுக்குச் செலவழிப்பதைவிடச் சன்னலுக்கு ஒரு கனத்த திரை போடுவது மேல்.

ஏழாம் படி: பலகை எழுதுவது

‘பழங்காலப் பீரங்கிக் குண்டு. மிகவும் அரியது’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது. இப்படி எழுதலாம்: ‘இரும்புக் குண்டு. குறுக்களவு 9 செ.மீ., எடை 2.7 கிலோ. ஆறு பவுண்டு பீரங்கிக்குப் பொருந்தும் அளவு. ஏரிக்கரை வயலில் உழும்போது கிடைத்தது. சுட்டது ஆங்கிலேயரா பிரெஞ்சுக்காரரா என்பது தெரியவில்லை.’ தெரியவில்லை என்று எழுதக் கூச்சப்பட வேண்டாம். அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் யாராவது ஒருவர், எங்கள் வயலிலும் ஒன்று கிடைத்தது என்று வந்து நிற்பார்.

ஐந்து வரிக்கு மேல் போகாதீர்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். கண்ணாடி போட மறந்துவந்த தாத்தாவும் படிக்க வேண்டும். சில பொருள்கள் பிள்ளைகளின் கண் உயரத்தில் இருக்கட்டும். தொட்டுப் பார்க்க என்றே ஒரு மேசை வையுங்கள்: ஒரு மரக்கால், ஒரு மாட்டுச் சலங்கை, புதிதாகச் செய்த ஒரு புஜகீர்த்தி.

எட்டாம் படி: திறந்து வைத்திருப்பது

திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாவி யாரிடம் என்று தேட வேண்டியிருக்கும். வாரத்தில் ஒரே நாள், மூன்று மணி நேரம் என்று வைத்தாலும் அந்த நேரத்தில் கட்டாயம் திறந்திருக்க வேண்டும். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும், இரண்டு வெவ்வேறு தெருவில்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது 2004 சுனாமியையும், 2011 டிசம்பர் 30இல் கரை கடந்த தானே புயலையும், 2015 வெள்ளத்தையும், 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சலையும் நினைவில் வையுங்கள். அந்தக் கட்டடத்தில் எந்த உயரம் வரை தண்ணீர் வந்தது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுச் சுவரில் குறியுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே காகிதமும் துணியும் மரமும் இருக்கக்கூடாது. கல்லும் ஏந்திரமும் கீழே இருக்கலாம். ஓட்டுக் கூரை என்றால் மேல் அலமாரிக்கும் தார்ப்பாய் தேவை. முதலில் எடுத்துச் செல்ல வேண்டிய பத்துப் பொருள்களின் எண்களைக் கதவுக்கு உட்புறம் ஒட்டிவையுங்கள்.

புரட்டாசியில், ஐப்பசி அடைமழைக்கு முன், குழு முழுவதும் கூடிப் பேரேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளையும் எடுத்துச் சரிபாருங்கள். கறையான் தடம், துருப்பொடி, காணாமல் போனது எல்லாம் அன்று தெரிந்துவிடும். அந்த ஆண்டில் சேர்ந்த பக்கங்களைப் படமெடுத்து ஒரு பிரதியை வங்கி லாக்கரிலோ, மேட்டு நிலத்து ஊரில் இருக்கும் உறுப்பினர் ஒருவரின் வீட்டிலோ வைத்துவிடுங்கள்.